ஆனி ஈஸ்லியும் கணிப்பாளர் தொழிலும்

மின்னணுக் கணினிகள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு, அறிவியலுக்கும் பொறியியலுக்கும் வேண்டிய நீண்ட கணக்குகளைப் போட்டுத் தருவது மனிதர்கள் சம்பளம் பெற்றுச் செய்த தனித் தொழிலாக இருந்தது. இக்கட்டுரையில் கணிப்பாளர்கள் என்று குறிக்கப்படும் அத்தொழிலாளரின் ஆங்கிலப் பதவிப்பெயரே பிற்பாடு இயந்திரத்துக்கும் சூட்டப்பட்டது. இயந்திரம் வந்ததும் அத்தொழில் முற்றாக மறைந்துபோனதாகவும், நிரலாளர் என்னும் புதிய வகையினர் வேறெங்கிருந்தோ வந்து அவ்விடத்தை நிரப்பியதாகவும் ஒரு சித்திரம் பரவலாக நிலவுகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் 1955 முதல் 1989 வரை ஒரே ஆய்வகத்தில் 34 ஆண்டுகள் பணியாற்றிய ஆனி ஈஸ்லி என்னும் கருப்பினப் பெண்ணின் பணிவாழ்வு அச்சித்திரத்தைப் பெரிதும் திருத்துகிறது. கையால் கணக்கிடும் கணிப்பாளராகச் சேர்ந்த அவர், நிரலாளராக மாறி, அணு உலை, விண்கல ஏவூர்தி, மின்கலம் ஆகிய வெவ்வேறு துறைகளின் கணக்குகளைக் கையாண்டு ஓய்வு பெற்றார் என்பதால், அத்தொழில் ஒன்றிலிருந்து மற்றொன்றாக எவ்வாறு உருமாறியது என்பதை ஒரே மனிதரின் பணிக்காலத்துக்குள் காண முடிகிறது.

அத்தொழிலுக்கு ஈஸ்லியின் காலத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு இருந்தது. ஹாலி வால்மீன் திரும்பி வரும் நாளைக் கணிப்பதற்காக 1757-58ஆம் ஆண்டுகளில் பாரிசில் அலெக்சி கிளெரோ என்னும் கணித அறிஞர் வகுத்த முறைப்படி, வியாழனும் சனியும் வால்மீனை ஈர்க்கும் அளவைப் படிப்படியாகக் கணக்கிட்டவர்களுள் நிக்கோல் ரேன் லெபோட் என்னும் பெண்மணியும் ஒருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வர்டு வான்நோக்ககத்தில் எட்வர்டு பிக்கரிங் விண்மீன்களின் ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்து அளவிடப் பெண்கள் குழு ஒன்றையே அமர்த்தினார். இவ்வழக்கம் பெருகியதற்குப் பொருளாதாரக் காரணம் வெளிப்படையானது: கணிதம் படித்த பெண்களுக்கு ஆசிரியப் பணியைத் தவிர வேறு வாய்ப்புகள் அரிதாக இருந்தமையால், அவர்களை ஆண்களைவிடக் குறைந்த ஊதியத்துக்கு அமர்த்த நிறுவனங்களால் முடிந்தது. வானூர்தி ஆராய்ச்சிக்கென அமெரிக்க அரசு 1915இல் நிறுவிய தேசிய வானூர்தியியல் ஆலோசனைக் குழு, சுருக்கமாக நாக்கா, வர்ஜீனியா மாநிலத்து லாங்லி ஆய்வகத்தில் 1935ஆம் ஆண்டு ஐந்து பெண்களைக் கொண்டு தனது முதல் கணிப்புப் பிரிவைத் தொடங்கியபோது இந்தக் கணக்கையே பின்பற்றியது. சோதனைத் தரவுகளைச் சரிசெய்து அட்டவணையாக்கும் வேலையிலிருந்து பொறியாளர்களை விடுவிப்பது அதன் நோக்கம்.

கருப்பினப் பெண்கள் இத்தொழிலுக்குள் வந்தது போரின் நெருக்கடியாலும் ஒரு தொழிற்சங்கத் தலைவரின் உறுதியாலும் ஆகும். தொடர்வண்டிப் பணியாளர் சங்கத்தின் தலைவரான ஏ. பிலிப் ராண்டால்ஃப், பாதுகாப்புத் தொழில்களில் கருப்பினத்தவருக்கு வேலை மறுக்கப்படுவதை எதிர்த்து வாஷிங்டனை நோக்கிப் பெரும் பேரணி நடத்தப்போவதாக அறிவித்ததைத் தொடர்ந்து, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1941 ஜூன் 25 அன்று 8802ஆம் எண் ஆணையைப் பிறப்பித்து அத்தொழில்களிலும் அரசுத் துறைகளிலும் இன அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்தார். அதன் விளைவாக 1943இல் லாங்லியின் மேற்குப் பகுதியில் கருப்பினப் பெண்களுக்கெனத் தனிக் கணிப்புப் பிரிவு உருவானது. வேலை கிடைத்ததே தவிர, வர்ஜீனியா மாநிலத்துப் பிரிவினைச் சட்டங்களின்படி அலுவலகம், கழிப்பறை, உணவுக்கூட மேசை யாவும் தனித்தனியாகவே இருந்தன. டாரதி வான் 1949இல் அப்பிரிவின் தலைவரானார். மேரி ஜாக்சன் 1951இலும் கேத்தரின் ஜான்சன் 1953இலும் அங்கு வந்து சேர்ந்தனர். மார்கோ லீ ஷெட்டர்லியின் நூலும் அதைத் தழுவிய திரைப்படமும் 2016இல் வெளிவந்த பிறகு இம்மூவரின் பெயர்கள் உலகறிந்தவையாயின. கிளீவ்லாந்தின் ஈஸ்லிக்கு அந்த அளவு வெளிச்சம் கிடைக்கவில்லை. அதற்கான காரணம் அந்த ஆய்வகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது பின்னால் விளக்கப்படும்.

ஆனி ஜீன் ஈஸ்லி 1933 ஏப்ரல் 23 அன்று அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். தாய் மட்டுமே குடும்பத்தைத் தாங்கினார். ஆறு வயது மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். பள்ளி முதல் பேருந்து வரை அனைத்திலும் வெள்ளையரும் கருப்பினத்தவரும் சட்டப்படிப் பிரிக்கப்பட்டிருந்த அந்நகரில், விரும்பியது எதுவாயினும் அதற்காக உழைத்தால் அடையலாம் என்று தாய் திரும்பத் திரும்பச் சொல்லி வளர்த்ததை ஈஸ்லி பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். கத்தோலிக்கப் பள்ளியொன்றில் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறிய அவர், கருப்பினத்தவரின் உயர்கல்விக்கெனத் தொடங்கப்பட்ட கத்தோலிக்க நிறுவனமான நியூ ஆர்லியன்ஸ் சேவியர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் மருந்தியல் படித்தார். கணிதமோ வானியலோ அப்போது அவருடைய எண்ணத்தில் இருந்ததற்கான தடயம் எதுவும் இல்லை.

1954இல் பர்மிங்ஹாமுக்குத் திரும்பிய குறுகிய காலத்தில் அவர் செய்த ஒரு பணி, அவருடைய கணினிப் பணியோடு நேரடித் தொடர்பற்றதாயினும் விரிவாகச் சொல்லத் தக்கது. அலபாமாவில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள வருவோர் எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் நடத்தப்பட்ட ஒரு சோதனையில் தேற வேண்டும், வாக்கு வரி என்னும் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். அரசியலமைப்பு பற்றிய கேள்விகளை எவரிடம் எந்த அளவுக்குக் கேட்பது, விடையை ஏற்பதா தள்ளுவதா என்பவை பதிவு அலுவலரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தமையால், கருப்பினத்தவரை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தி வைக்க இந்த ஏற்பாடு பெரிதும் பயன்பட்டது. ஈஸ்லியின் விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலர், அவர் சேவியர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதைக் கண்டு, தேர்வு எதையும் வைக்காமல் இரண்டு டாலர் வரியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். தமக்குக் கிடைத்த அந்தச் சலுகையுடன் நின்றுவிடாமல், தேர்வைச் சந்திக்க வேண்டியிருந்த மற்றக் கருப்பினத்தவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அவர்களைத் தயார்ப்படுத்தும் வேலையை அவர் மேற்கொண்டார். அத்தகைய தேர்வுகளை முடக்கிய வாக்குரிமைச் சட்டம் 1965இல்தான் வந்தது. வாய்ப்பின் கதவு தமக்குத் திறந்தவுடன் அடுத்தவருக்காக அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்தப் பழக்கம் அவருடைய வாழ்க்கை முழுவதும் தொடர்ந்து வருவதால், இதை ஒரு துணுக்குச் செய்தியாகக் கடந்துபோவது சரியாகாது.

திருமணத்துக்குப் பின் கணவருடன் கிளீவ்லாந்துக்குக் குடிபெயர்ந்த ஈஸ்லி, அங்கு மருந்தியல் படிப்பைத் தொடர எண்ணியிருந்தார். ஆனால் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் அப்படிப்பை அதற்குச் சற்று முன்புதான் நிறுத்தியிருந்தது. 1955இல் ஒரு நாள், நாக்கா ஆய்வகத்தில் கணிப்பாளர்களாகப் பணியாற்றும் இரட்டைச் சகோதரிகளைப் பற்றிய செய்தித்தாள் கட்டுரையை அவர் படித்தார். கணக்கில் தமக்கிருந்த பிடிப்பை நம்பி மறுநாளே விண்ணப்பித்தார். இரண்டு வாரங்களுக்குள் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 22. சுமார் 2,500 பேர் பணியாற்றிய அவ்வாய்வகத்தில் கருப்பினத்தவர் அவரையும் சேர்த்து நால்வரே.

இந்த எண்ணிக்கையில்தான் லாங்லிக்கும் கிளீவ்லாந்துக்கும் இடையிலான வேறுபாடு அடங்கியிருக்கிறது. லாங்லியில் இனப் பிரிவினை சட்டமாகவே இருந்ததால் கருப்பினப் பெண்கள் ஒரே கூரையின் கீழ் ஒரு குழுவாகத் திரண்டனர். அவமதிப்பின் விளைவாக உருவான அக்குழுவுக்குத் தனித் தலைமையும், ஒருவரையொருவர் பயிற்றுவிக்கும் மரபும், பிற்கால ஆய்வாளர் தேடிக் கண்டறியக்கூடிய பதிவுகளும் அமைந்தன. வட மாநிலமான ஒஹாயோவில் அத்தகைய பிரிவினைச் சட்டம் இல்லை. தனிப் பிரிவும் இல்லை, கருப்பினத்தவருக்கென்று பலகை மாட்டிய மேசையும் இல்லை. அதனாலேயே அங்கிருந்த நால்வரும் ஆயிரக்கணக்கானோர் நடுவே சிதறிக் கிடந்தனர். அவர்களுக்குக் குழு என்று ஒன்று இல்லாததால், குழுவின் வரலாறு என்று ஒன்றும் எழுதப்படவில்லை. ஈஸ்லியைப் பற்றி இன்று தெரிந்திருப்பவற்றில் பெரும்பகுதி, நாசாவின் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்துக்காக 2001 ஆகஸ்டு 21 அன்று அவரிடம் எடுக்கப்பட்ட நீண்ட நேர்காணல் ஒன்றிலிருந்தே கிடைக்கிறது. அந்நேர்காணல் நடந்திராவிட்டால் சில அறிக்கைகளின் முகப்பில் இருக்கும் பெயரைத் தவிர வேறெதுவும் எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

கிளீவ்லாந்து ஆய்வகம் வானூர்தி எஞ்சின்களை ஆராய்வதற்காக இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நகரின் விமான நிலையத்தை ஒட்டி அமைக்கப்பட்டது. நாக்காவின் ஆய்வு இயக்குநராக இருந்த ஜார்ஜ் லூயிசின் பெயரை 1948இல் பெற்று, 1958 அக்டோபர் 1 அன்று நாக்கா கலைக்கப்பட்டு நாசா உருவானபோது லூயிஸ் ஆராய்ச்சி மையமாகி, 1999 முதல் விண்வெளி வீரர் ஜான் கிளென்னின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உயரத்தில் பறக்கும்போது எஞ்சினைச் சூழும் மெலிந்த, குளிர்ந்த காற்றைத் தரையிலேயே உண்டாக்கிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கங்கள் அங்கு இருந்தன. சோதனையின்போது எஞ்சினின் பல இடங்களிலும் நிலவும் அழுத்தம், வரிசையாக நிறுத்தப்பட்ட அழுத்தமானிக் குழாய்களில் திரவம் ஏறி நிற்கும் உயரமாகத் தெரியும். அந்தக் குழாய் வரிசையை ஒளிப்படம் எடுத்து, படத்திலிருந்து ஒவ்வொரு குழாயின் உயரத்தையும் படித்து, அதை அழுத்தமாக மாற்றி, வெப்பநிலைக்கேற்பத் திருத்தி, சூத்திரத்தில் இட்டு, வரைபடத் தாளில் புள்ளியிடுவது கணிப்பாளரின் வேலை. ஃப்ரைடன், மார்ச்சன்ட், மன்றோ என்ற பெயர்களில் விற்கப்பட்ட, மேசையை அடைத்துக்கொண்டு கடகடவென்று ஓசையிடும் மின்விசைக் கணக்குப்பொறிகள்தான் கருவிகள். மடக்கை போன்றவற்றுக்கு அட்டவணைப் புத்தகங்களைப் புரட்ட வேண்டும். ஒரு வரிசையில் நேர்ந்த பிழை அடுத்த வரிசைகள் அனைத்தையும் கெடுக்கும் என்பதால், வேகத்தைவிடத் தவறில்லாமையே இத்தொழிலின் முதல் தகுதியாக மதிக்கப்பட்டது.

ஈஸ்லிக்குக் கிடைத்த தொடக்கப் பணிகளில் ஒன்று அணு உலையைப் பற்றியது. எரிபொருள் நிரப்பாமல் பல நாட்கள் பறக்கும் அணுசக்தி விமானம் ஒன்றைக் கட்டலாம் என்று அமெரிக்க அரசு அக்காலத்தில் எண்ணியது. அதற்கு வேண்டிய பொருள்கள் கதிர்வீச்சில் எவ்வாறு மாறுகின்றன என்பதை அறிவதற்கென, கிளீவ்லாந்துக்கு மேற்கே சாண்டஸ்கி நகருக்கு அருகில் போர்க்காலத்தில் வெடிமருந்து செய்த பிளம் புரூக் என்னும் இடத்தில் 60 மெகாவாட் திறனுள்ள ஆய்வு உலையொன்று திட்டமிடப்பட்டது. உலை எழும்புவதற்கு முன்பே அதனுள் என்ன நிகழும் என்பதைச் சமன்பாடுகளைக் கொண்டு கணித்துப் பார்க்கும் பாவனைக் கணக்குகளில் ஈஸ்லி ஈடுபட்டார். அந்த உலை 1961இல் இயங்கத் தொடங்கிய அதே ஆண்டில் அணு விமானத் திட்டம் கைவிடப்பட்டது. உலையோ அணுசக்தி ராக்கெட்டுக்கான சோதனைகளுக்குத் திருப்பப்பட்டு 1973 வரை பயன்பட்டது.

அணுசக்தி ராக்கெட்டில் ஈஸ்லிக்கு இருந்த பங்கு அச்சிலேயே பதிவாகியுள்ளது. ஏ. எஃப். காஸ்காக் என்பவரும் ஈஸ்லியும் இணைந்து எழுதிய இரண்டு அறிக்கைகளை நாசா 1968இலும் 1972இலும் வெளியிட்டது. இரண்டும் வாயு நிலை உட்கரு ராக்கெட் எனப்படும் ஒரு கருத்தாக்கத்தைப் பற்றியவை. சாதாரண அணு உலையில் யுரேனியம் திண்ம நிலையில் இருக்க வேண்டியிருப்பதால், அது உருகும் வெப்பநிலைக்கு மேல் உலையைச் சூடாக்க முடியாது; யுரேனியத்தை ஆவியாகவே வைத்துக்கொண்டு அதைச் சுற்றி ஹைட்ரஜனைப் பாயவிட்டால், அந்த வரம்பைத் தாண்டி ஹைட்ரஜனை மிகக் கடுமையாகச் சூடேற்றிப் பெரும் வேகத்தில் வெளியேற்றலாம் என்பது அக்கருத்து. ஆனால் பாய்ந்து செல்லும் ஹைட்ரஜன் சுழித்துக்கொண்டு யுரேனிய ஆவிக்குள் கலந்துவிடும். அக்கலப்பு எரிபொருளின் சராசரி வெப்பநிலையை எவ்வளவு பாதிக்கும் என்பதை 1968ஆம் ஆண்டு அறிக்கை ஆராய்ந்தது. ஹைட்ரஜனை உயர்ந்த அழுத்தத்தில் செலுத்தும் பம்புகளை இயக்குவதற்கு அதே ஹைட்ரஜனில் ஒரு சிறு பகுதியைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தும் முறையை 1972ஆம் ஆண்டு அறிக்கை அலசியது. அத்தகைய ராக்கெட் இன்றுவரை கட்டப்படவில்லை. எனினும், கணிப்பாளரின் உழைப்பு அறிக்கையின் நன்றியுரையில்கூட இடம்பெறாமல் போவது வழக்கமாயிருந்த ஒரு தொழிலில், பட்டம் இன்னும் பெறாத ஒரு பெண்ணின் பெயர் இணையாசிரியராக அச்சேறியது கவனிக்கத் தக்க நிகழ்வு.

அந்த 1968க்கு முன்னரே அவருடைய கருவிகள் முற்றிலும் மாறிவிட்டிருந்தன. ஆய்வகத்துக்கு மின்னணுக் கணினிகள் வந்தபோது, கணிப்பாளர்களுக்குப் புதிய பணிப்பெயர்கள் வந்தன; நிரலெழுதக் கற்றுக்கொண்டவர்கள் நீடித்தனர். ஈஸ்லி முதலில் கற்றவற்றுள் சோப் எனப்பட்ட மொழியும் ஒன்று. அது ஐபிஎம் 650 என்னும் கணினிக்காக உருவானது. அக்கணினியின் நினைவகம் நிமிடத்துக்கு 12,500 முறை சுழலும் ஒரு காந்த உருளை. ஒரு கட்டளையை நிறைவேற்றி முடிப்பதற்குள் அடுத்த கட்டளை எழுதப்பட்ட இடம் படிப்புமுனையைத் தாண்டிச் சென்றுவிட்டால், உருளை மீண்டும் ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை கணினி வீணே காத்திருக்கும். ஆகவே கட்டளைகளை உருளையின் எந்தெந்த இடத்தில் வைத்தால் காத்திருப்பு குறையும் என்பதைத் தானே கணக்கிட்டு அடுக்குவது சோப் மொழியின் சிறப்பு. அடுத்து வந்தது ஃபோர்ட்ரான். ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் நிறுவனத்தார் உருவாக்கி 1957இல் வெளியிட்ட அம்மொழி, கணிதச் சூத்திரத்தை ஏறக்குறைய எழுதும் வடிவத்திலேயே கணினிக்குக் கொடுக்க வழி செய்தது. ஒவ்வொரு வரியும் 80 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டையில் துளைகளாகப் பொறிக்கப்படும்; சூத்திரம் ஏழாம் கட்டத்துக்கும் எழுபத்திரண்டாம் கட்டத்துக்கும் இடையில் அமைய வேண்டும்; கட்டுக்கட்டாக அட்டைகளைக் கணினி அறையில் ஒப்படைத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும்.

கையால் கணக்கிட்ட அனுபவம் இங்கு வீணாகவில்லை. ஒரு பெருங்கணக்கை எந்த வரிசையில் உடைப்பது, எந்த இடைநிலை எண் நம்பத் தகாதது, எத்தனை தசம இடங்கள் போதும் என்பவற்றை ஆண்டுக்கணக்கில் விரல்நுனியில் பழகியவர்களே நிரலெழுத வந்தபோது, இயந்திரத்துக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. லாங்லியில் டாரதி வான் தாம் ஃபோர்ட்ரான் கற்றதோடு தம் பிரிவினருக்கும் கற்பித்ததும், 1940களின் நடுவில் பென்சில்வேனியாவில் எனியாக் கணினியை இயக்கும் பணிக்கு ஆறு பெண் கணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இதே போக்கின் சான்றுகள். நிரலாக்கம் கணிப்பாளர் தொழிலை அழித்து எழுந்தது என்பதைவிட, அத்தொழிலின் அறிவிலிருந்தே கிளைத்தது என்று கொள்வதே இச்சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

ஈஸ்லியின் பெயரோடு இன்று பெரிதும் சேர்த்துப் பேசப்படுவது சென்டார் ராக்கெட். திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து விண்ணில் இயங்கிய உலகின் முதல் மேல்நிலை ராக்கெட் அது. மேல்நிலை என்பது, தரையிலிருந்து தூக்கிச் செல்லும் முதல் ராக்கெட் எரிந்து முடிந்தபின் விண்கலத்தை எஞ்சிய தொலைவுக்கும் வேகத்துக்கும் கொண்டுசெல்லும் பகுதி. மண்ணெண்ணெய் வகை எரிபொருள்களைக் காட்டிலும் ஹைட்ரஜன் அதே எடைக்கு மிகுந்த உந்துதலைத் தரும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. ஆனால் அதைத் திரவமாக வைத்திருக்க வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 253 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். அதை ஒட்டிய தொட்டியில் இருக்கும் திரவ ஆக்சிஜனோ பூச்சியத்துக்குக் கீழே 183 டிகிரியில் கொதிக்கிறது, அதாவது ஹைட்ரஜனோடு ஒப்பிட அது ஒரு கொதிகலன். எடையைக் குறைப்பதற்காகத் தொட்டிச் சுவர்கள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள துருவேறா எஃகுத் தகட்டால் ஆக்கப்பட்டன. உள்ளே அழுத்தம் இருக்கும்வரைதான் தொட்டி நிமிர்ந்து நிற்கும். விண்ணில் எடையற்ற நிலையில் திரவம் தொட்டிக்குள் எங்கே ஒதுங்கும், ஒரு முறை அணைத்த எஞ்சினை மீண்டும் மூட்ட முடியுமா, காத்திருக்கும் நேரத்தில் எவ்வளவு ஹைட்ரஜன் ஆவியாகி இழக்கப்படும் என்பவை அதுவரை எவரும் விடை கண்டிராத கேள்விகள்.

முதல் சென்டார் 1962 மே 8 அன்று ஏவப்பட்டு ஒரு நிமிடத்துக்குள் வெடித்துச் சிதறியது. திட்டத்தைக் கைவிடும் பேச்சு எழுந்த நிலையில், அதுவரை ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள நாசாவின் மார்ஷல் மையத்திடம் இருந்த பொறுப்பு அவ்வாண்டு இறுதிக்குள் கிளீவ்லாந்து ஆய்வகத்துக்கு மாற்றப்பட்டது. திரவ ஹைட்ரஜனை 1950களிலிருந்தே ஆராய்ந்து, 1957இல் ஒரு விமான எஞ்சினைப் பறக்கும்போதே ஹைட்ரஜனில் இயக்கிக் காட்டிய அனுபவம் அங்கிருந்தோருக்கு இருந்தது. ஏப் சில்வர்ஸ்டைன் இயக்குநராக இருந்த அக்காலத்தில், 1963 நவம்பர் 27 அன்று இரண்டாவது சென்டார் வெற்றி பெற்றது. 1966 மே 30 அன்று சென்டார் ஏந்திச் சென்ற சர்வேயர் 1 விண்கலம் ஜூன் 2 அன்று நிலவில் மெதுவாகத் தரையிறங்கிய முதல் அமெரிக்கக் கலமாயிற்று. வியாழனை முதன்முதலில் நெருங்கிய பயனியர் 10, செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள், வெளிக்கோள்களைக் கடந்து சென்ற வாயேஜர் கலங்கள், 1997இல் சனியை நோக்கிப் புறப்பட்ட காசினி ஆகிய யாவற்றையும் செலுத்தியவை சென்டாரின் அடுத்தடுத்த வடிவங்களே. 2024 ஜனவரியில் முதன்முறை பறந்த வல்கன் ராக்கெட்டின் மேல்நிலையும் அப்பெயரையே கொண்டுள்ளது.

ஈஸ்லி இத்திட்டத்துக்கான நிரல்களை எழுதியும் இயக்கியும் தம் பங்கை ஆற்றினார். இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அவருடைய நிரலே சென்டாரைப் பறக்க வைத்தது என்றும், நவீன ராக்கெட்டுகளின் தாய் அவர் என்றும் அண்மைக்காலப் புகழுரைகள் சில கூறுகின்றன. சென்டார் பல நூறு பொறியாளர், கணிப்பாளர், தொழில்வினைஞரின் கூட்டுப் படைப்பு. அதில் ஈஸ்லியின் நிரல் வரிகளைத் தனியே பிரித்துக் காட்டுவது இயலாது. ஒரு கண்டுபிடிப்பை அவர் தலையில் ஏற்றி வைத்தால்தான் அவருக்குப் பெருமை என்று நினைப்பது, கூட்டு உழைப்பில் உண்மையாகப் பங்கேற்ற பெண்களின் வேலையைக் குறைத்து மதிக்கும் பழைய மனப்பான்மையின் மறுபக்கமே. நம்பகமான எண்களை ஆண்டுதோறும் தந்துகொண்டிருந்தவர்கள் இல்லாமல் எந்த விண்கலமும் தரையைவிட்டு எழுந்திருக்காது; அந்தத் தரப்பில் 34 ஆண்டுகள் நின்றவர் என்பதே ஈஸ்லிக்குப் போதிய சிறப்பாகும்.

1970களில் அப்போலோ திட்டம் முடிந்து நிதி சுருங்கியதும், எண்ணெய் நெருக்கடி மூண்டதும், கிளீவ்லாந்து ஆய்வகத்தைத் தரையிலுள்ள ஆற்றல் சிக்கல்களின் பக்கம் திருப்பின. பிளம் புரூக்கில் 1975இல் 100 கிலோவாட் காற்றாலை ஒன்று நிறுவப்பட்டது; மின்சார வாகனங்களுக்கான மின்கலங்கள் சோதிக்கப்பட்டன. மின்சாரமும் எரிபொருளும் கலந்து இயங்கும் வாகனங்களுக்கு ஏற்ற மின்கலங்களின் ஆயுளையும், மாற்று ஆற்றல் முறைகளின் திறனையும் ஆராயும் நிரல்களை ஈஸ்லி இக்காலத்தில் எழுதினார். ஓசோன் படலத்துக்கு நேரும் சேதம் பற்றிய கணக்குகளும் அவர் கைவழியே சென்றன. இன்று பெரும் சந்தையாக வளர்ந்துள்ள கலப்பின வாகனங்களின் முன்வரலாற்றில் ஒரு விண்வெளி ஆய்வகத்துக்கும் அதன் நிரலாளர்களுக்கும் இடமுண்டு என்பது பலரும் அறியாத செய்தி.

இவ்வளவு பணிக்கும் இடையில் அந்நிறுவனம் அவரை நடத்திய விதத்தையும் வரலாறு பதிவு செய்தாக வேண்டும். ஆய்வகத்தைப் பார்க்க வரும் பொதுமக்களுக்காகப் பெரிதாக்கி வைக்கப்பட்ட ஓர் ஒளிப்படத்தில், ஈஸ்லி இருந்த பகுதி மட்டும் வெட்டி நீக்கப்பட்டிருந்தது. உடன் பணியாற்றியவர்களோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது. அவர் கணிதப் பட்டம் படிக்க முனைந்தபோது, வேலைக்குத் தொடர்புடைய படிப்புகளுக்குக் கட்டணம் தரும் ஏற்பாடு அங்கே இருந்தும் அவருடைய விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. அவர் தம் சொந்தப் பணத்தில், முழுநேர வேலையையும் விடாமல் படித்து, இறுதிக் கட்டத்தில் ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1977ஆம் ஆண்டு, 44ஆம் வயதில், கணிதத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பாகுபாடு இருப்பதைத் தாம் நன்கு அறிந்திருந்ததாகவும், தம்மோடு சேர்ந்து வேலை செய்ய மறுப்பவரைச் சுற்றி வழிதேடி வேலையை முடிப்பதே தம் முறையாக இருந்ததாகவும் 2001ஆம் ஆண்டு நேர்காணலில் அவர் கூறியுள்ளார். இதை வெறும் பொறுமை என்று படிப்பது தவறு. ஏனெனில் பிற்பாடு அவர் தம் வழக்கமான பணியுடன் சமவாய்ப்பு ஆலோசகர் என்னும் பொறுப்பையும் ஏற்று, இனம், பாலினம், வயது காரணமாகப் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கூறிய ஊழியர்களின் முறையீடுகளைக் கேட்டு மேலதிகாரிகளுடன் பேசித் தீர்வு தேடினார். கல்லூரிகளுக்குச் சென்று அறிவியல் பணிகளுக்கு மாணவர்களை ஊக்குவிப்பதும், நகரின் ஏழைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் அவருடைய தொடர்ந்த வேலைகளாக இருந்தன. பர்மிங்ஹாமில் வாக்காளர் தேர்வுக்குப் பாடம் நடத்திய இளம்பெண் செய்ததையே நாற்பது வயதைத் தாண்டியவரும் செய்தார்.

1989இல் ஓய்வு பெற்ற ஈஸ்லி 2011 ஜூன் 25 அன்று காலமானார். மதிப்பு அவரைத் தேடி வந்தது அதன் பிறகே: கிளென் ஆராய்ச்சி மையம் 2015இல் தனது புகழ்வரிசையில் அவரைச் சேர்த்தது, பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2021இல் நிலவின் மறுபக்கத்துப் பள்ளம் ஒன்றுக்கு ஈஸ்லி என்று பெயரிட்டது. அதற்கு முன்பே, 2019 நவம்பரில் இயற்றப்பட்ட ஓர் அமெரிக்கச் சட்டம் ஐந்து நாடாளுமன்றத் தங்கப் பதக்கங்களை அறிவித்தது. அவற்றுள் நான்கு, கேத்தரின் ஜான்சன், டாரதி வான், மேரி ஜாக்சன், கிறிஸ்டீன் டார்டன் ஆகியோரின் பெயருக்கு உரியவை. ஐந்தாவது, 1930கள் முதல் 1970கள் வரை நாக்காவிலும் நாசாவிலும் கணிப்பாளராகவும் கணிதவியலாளராகவும் பொறியாளராகவும் பணியாற்றிய பெண்கள் அனைவருக்கும் பொதுவானது. ஆனி ஈஸ்லி அந்த ஐந்தாவது பதக்கத்துக்கு உரியவர்களில் ஒருவர்.